மூடிய கண்ணும் கோணிய வாயும்

ஆடி 8, வியாழன்

ஆஸ்பத்திரியில் முகத்துக்குப் பயிற்சி சொல்லித்தருகிற பானு மேடம் தினமும் கால் மணி நேரம் வாய்விட்டுப் பேசச் சொல்லியிருக்கிறார். உதட்டை நன்றாக அசைத்து, ஒவ்வொரு வார்த்தையையும் கடைசி எழுத்து வரைக்கும் சொல்ல வேண்டுமாம். "யார்கிட்ட மேடம் பேசுறது? மக வேலைக்குப் போயிரும்" என்றேன். "செவுத்துக்கிட்ட பேசுங்க" என்றார்.

சுவரிடம் பேசினால் பக்கத்து வீட்டில் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று மகள் சுகந்தி போனில் இதைப் போட்டுக் கொடுத்திருக்கிறாள். மைக் படத்தை அமுக்கினால் சிவப்பாகிறது. பேசப் பேச எழுத்தாக விழுகிறது. தேதியை அதுவே போட்டுக்கொள்ளும் என்றாள். இங்கிலீஷ் தேதி எனக்கு எதற்கு, தமிழ்த் தேதியை நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு எழுத்து தெரியாது. நேற்று வீட்டில் பேசுகிற மாதிரியே பேசினேன். சாயங்காலம் சுகந்தி வாசித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பாதி வார்த்தையைப் போன் தன் இஷ்டத்துக்கு மாற்றியிருக்கிறது. "ரேடியோவுல செய்தி வாசிக்கிறாங்கள்ல, அப்படிப் பேசுப்பா. இனிமே நான் வாசிக்க மாட்டேன், உன் இஷ்டத்துக்குப் பேசு" என்றாள். வாசித்தாலும் ஒன்றுமில்லை. ஒளிக்கிற மாதிரி என்னிடம் எதுவும் கிடையாது.

என் பெயர் சோணைமுத்து. ஊர் மதுரை, ஆரப்பாளையம். சிம்மக்கல்லில் ஒரு ஓட்டலில் பரோட்டா மாஸ்டராக இருந்து ஓய்ந்தவன். ஆனி கடைசியில் ஒரு நாள் பல் விளக்கிவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது பக்கமாகத் தானே ஒழுகியது. கண்ணாடியில் பார்த்தால் வாய் வலது பக்கம் ஏறி நிற்கிறது. இடது கண் மூடவில்லை. பெரியாஸ்பத்திரி டாக்டர், பக்கவாதம் இல்லை, முகவாதம்தான், நரம்பு வீங்கியிருக்கிறது, தானாக இறங்கும் என்றார். "ஆவணி பன்னெண்டுக்குள்ள இறங்கிருமா டாக்டர்?" என்று கேட்டேன். "நரம்புக்கு முகூர்த்த நாளெல்லாம் தெரியாது பெரியவரே" என்றார்.

ஆவணி பன்னிரண்டு சுகந்திக்குக் கல்யாணம்.

ஆடி 9, வெள்ளி

பலூன் ஊதச் சொன்னார்கள். காற்று இடது பக்கமாகப் போய்விட்டது. பலூன் கடையில் வாங்கின மாதிரியே இருக்கிறது.

ஆடி 11, ஞாயிறு

காலையில் கறி எடுத்து வந்தேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்க்காமல் தராசையே பார்த்து எடை போட்டார். நல்ல மனிதர்.

பயிற்சி எல்லாம் கண்ணாடி முன்னால்தான். ஆ, ஈ, ஊ என்று சொல்ல வேண்டும், கன்னத்தை உப்ப வேண்டும், புருவத்தை ஏற்ற வேண்டும். எங்கள் வீட்டில் கண்ணாடி மாட்டியிருப்பது ராக்கம்மாள் படத்துக்கு நேர் எதிரே. நான் ஈ என்று இளிக்கும்போது என் தோளுக்குப் பின்னால் அவள் படமும் தெரிகிறது. ராக்கம்மாள் என் சம்சாரம். சுகந்திக்கு ஐந்து வயதில் மஞ்சள் காமாலையில் போனவள்.

அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேச வேறு விஷயமும் இல்லை.

எங்கள் கல்யாணத்துக்குப் போட்டோ கிடையாது. கோயிலில் தாலி கட்டினோம், சாப்பிட்டோம், ஆளுக்கொரு பக்கம் வேலைக்குப் போய்விட்டோம். ராக்கம்மாள் போட்டோவில் விழுந்தது ஒரே ஒரு தடவை, என் தம்பி மாயழகு கல்யாணத்தில். அப்போது சுகந்தி வயிற்றில் ஏழு மாதம். வயிற்றுப் பிள்ளைக்காரி போட்டோ பிடிக்கக் கூடாது என்று என் பெரியாத்தா மறித்தது. இவள் யாருக்கும் தெரியாமல் பின்வரிசையில் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள். தலை மட்டும் தெரிகிற மாதிரி. படம் கழுவி வந்தபோது பார்த்தால், எல்லோரும் கண்ணை முழித்துக்கொண்டு நிற்கிறார்கள், இவள் மட்டும் கண்ணை மூடியிருக்கிறாள்.

அவள் செத்த பதினாறாம் நாளுக்கு மாலை போட ஒரு படம் வேண்டும். மாயழகு இந்தக் கல்யாணப் படத்தை ஸ்டூடியோவுக்குக் கொண்டுபோனான். அவளை மட்டும் வெட்டிப் பெரிசு பண்ணினார்கள். கண் மூடிய படத்துக்கு மாலை போட்டால் பிணத்துக்குப் போட்ட மாதிரி இருக்கும் என்று ஸ்டூடியோக்காரரே சொல்லியிருக்கிறார். "யார் கண்ணு மாதிரி வரையணும்?" என்று கேட்டாராம். மாயழகு அதே படத்தில் மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த தன் பெண்டாட்டி பவுனம்மாளைக் காட்டிவிட்டான். அவர் பவுனு கண்ணைப் பார்த்து இவள் முகத்தில் இரண்டு கண் வரைந்தார். வாய் திறந்திருந்ததை மூடினார். இவள் தோளுக்குப் பக்கத்தில் என் தோள் கொஞ்சம் வந்திருந்தது. அதன்மேல் நீலம் அடித்துவிட்டார்.

படம் வந்ததும் எல்லோரும் "அப்படியே உக்காந்திருக்கா" என்று அழுதார்கள். நானும் நன்றாக இருக்கிறது என்றேன். இன்றைக்கு வரைக்கும் பவுனு வீட்டுக்கு வந்தால் அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டித்தான் உட்காரும்.

சுகந்திக்கு அம்மா என்றால் அந்தப் படம்தான். அதில் யாரும் குறுக்கே போகவில்லை.

ஆடி 15, வியாழன்

மாயழகு வந்தான். கையில் ஒரு கூலிங் கிளாஸ்.

"அண்ணே, இதப் போட்டுப் பாரு."

போட்டேன்.

"லாரி டிரைவர் கணக்கா இருக்க. ஆனா பரவால்ல, கண்ணு தெரியல."

"கண்ண மறைச்சிட்ட. வாய என்னடா பண்ணுவ?"

"கையில கர்ச்சீப்பு வச்சுக்க. சளி பிடிச்ச மாதிரி."

அப்புறம் கல்யாண முறைகளைப் பற்றிப் பேசினோம். தாரை வார்க்க அவனும் பவுனும் உட்காருவார்கள். சம்சாரம் இல்லாதவன் மனையில் உட்காரக் கூடாது. அதுதான் முறை, முறையைப் பற்றி எனக்கு ஒன்றும் இல்லை. தாலியை ஆசீர்வாதத்துக்குச் சபை முழுக்கச் சுற்றிக் கொண்டுவரும்போது நானும் தொட்டுக் கும்பிடுவேன். அப்புறம் மேடையில் போட்டோ. பெண், மாப்பிள்ளை, பெண்ணின் தகப்பன். அது ஒன்றுதான் எனக்கு என்று இருக்கிற இடம். அதில் நேராக நின்றால் போதும்.

கூலிங் கிளாஸை மாயழகிடமே கொடுத்துவிட்டேன். அவன் அதைப் போட்டுக்கொண்டே வண்டியில் போனான்.

ஆடி 18, ஞாயிறு

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதமும் புளிச்சோறும் சுகந்தி செய்தாள். கோயம்புத்தூரிலிருந்து சம்பந்தியம்மா முகூர்த்தப் புடவையோடு வந்திருந்தார். மாப்பிள்ளை ராஜகுரு அங்கே மோட்டார் கம்பெனியில் வேலை. கல்யாணம் முடிந்த மறுநாளே சுகந்தி கோயம்புத்தூர்.

போட்டோ எடுக்கிற பையனும் அதே நேரத்துக்கு வந்தான். பெயர் ஜெரால்டு. தாடியும் பையுமாக நல்ல உயரம். பெண்ணும் மாப்பிள்ளையும் வைகை அணைக்குப் போய்க் கையைக் கோத்து நடக்கிற மாதிரி, பூவை மேலே எறிகிற மாதிரி எல்லாம் முன்கூட்டியே படம் எடுக்கலாம் என்று போனில் காட்டினான். "பூவ எறிஞ்சா யாரு கூட்டுறது?" என்று சுகந்தி கேட்டாள். அது வேண்டாம் என்று முடிவானது.

சம்பந்தியம்மா என்னைப் பார்த்துவிட்டுச் சுற்றி வளைக்காமல்தான் பேசினார்.

"அண்ணா, தப்பா எடுத்துக்காதீங்க. எங்க பக்கத்துச் சனம் வாய் சும்மா இருக்காதுங்க. ஆல்பம் காலத்துக்கும் இருக்கிறதுங்களா? உங்களைச் சேர் போட்டு ஓரமா உட்கார வச்சு எடுத்துக்கலாமுங்க. நிக்கவும் வேண்டாம், சிரமமும் இல்ல."

"எனக்கு கால் நல்லாத்தாம்மா இருக்கு" என்றேன்.

ஜெரால்டு குறுக்கே விழுந்து, "ஒண்ணும் பிரச்சினை இல்ல ஆன்ட்டி. இப்ப எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சரி பண்ணிரலாம்" என்றான். அங்கேயே என்னை ஒரு படம் எடுத்தான். பையிலிருந்து லேப்டாப்பை எடுத்து வைத்து என்னமோ தட்டினான். என் முகத்தை நடுவில் பிளந்து, இடது பாதியைத் தூக்கிப் போட்டுவிட்டு, வலது பாதியையே திருப்பி ஒட்டினான். நான் காபி குடித்து முடிப்பதற்குள் முடித்துவிட்டான். காபியை இப்போது ஸ்ட்ரா போட்டுத்தான் குடிக்கிறேன்.

எல்லோரும் பார்த்தார்கள். நேரான வாய், நேரான கண். என் வலது கன்னத்தில் ஒரு மரு உண்டு. அந்தப் படத்தில் இரண்டு கன்னத்திலும் மரு இருந்தது.

"நல்லா இருக்காருல்ல" என்றார் சம்பந்தியம்மா.

"மருவ எடுத்துரலாம்" என்றான் ஜெரால்டு.

நானும் நன்றாக இருக்கிறது என்றேன். சுகந்தி காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

புறப்படும்போது ஜெரால்டு சுவரில் இருந்த ராக்கம்மாள் படத்தைப் பார்த்தான். மேடையில் எடுக்கிற படத்தில் அம்மாவையும் பக்கத்தில் நிற்கிற மாதிரி சேர்த்துத் தரலாம், இப்போது நிறையப் பேர் கேட்கிறார்கள் என்றான். கிட்டே போய்ப் போனில் வெளிச்சம் அடித்துப் பார்த்தான்.

"அங்கிள், இது கையால டச்சப் பண்ணின படம். இதுக்கு ஒரிஜினல் இருக்கா?"

"டச்சப்னா?" என்றாள் சுகந்தி.

"கண்ணு, வாயெல்லாம் பெயின்ட்டுக்கா. உத்துப் பாருங்க."

சுகந்தி என்னைப் பார்த்தாள். "பழைய படமெல்லாம் அப்படித்தான் இருக்கும்" என்றேன். மாவு அரைக்கப் போக வேண்டியிருந்தது, கிளம்பிவிட்டேன்.

ஆடி 20, செவ்வாய்

மாவு புளித்துவிட்டது. சுகந்தி இரண்டு நாளாக அந்தப் படத்தைத் துடைத்துத் துடைத்துப் பார்க்கிறாள்.

ஆடி 25, ஞாயிறு

நேற்று பானு மேடத்திடம் போனேன். புருவம் ஒரு நூல் ஏறுகிறது என்றார். கன்னத்தைத் தடவிக் காட்டி, தினமும் இப்படி மேலே தள்ளிவிடுங்கள் என்றார். மாவு பிசைந்த கை, அது எனக்கு நன்றாக வருகிறது. இடது கண் மட்டும் மூடவே மாட்டேன் என்கிறது. படுக்கும்போது பிளாஸ்திரி போட்டு மூடிக்கொள்கிறேன்.

ஜெரால்டு வந்து மண்டபத்து லைட்டைப் பற்றிப் பேசிவிட்டுப் போனான். போட்டோவுக்கு எப்படி நிற்க வேண்டும் என்று கேட்டேன். கல்யாணத்துக்காக இல்லை, சும்மா தெரிந்துகொள்ளத்தான். தோளை இறக்கணும், மூச்சை விட்டுட்டு நிற்கணும், காமிராவையே முறைக்கக் கூடாது என்றான்.

"கைய என்ன செய்யணும்?"

"சும்மா விடுங்க அங்கிள்."

அதுதான் வராது. என் கை சும்மா இருந்ததே இல்லை. விட்டால் அதுபாட்டுக்கு மாவு உருட்டுகிறது. அதையும் சொன்னேன்.

"அப்ப பக்கத்துல நிக்கிறவங்ககிட்ட எதையாச்சும் பேசுங்க. பேசுறப்பதான் முகம் இளகும். நான் அதுல ஒண்ணப் பிடிச்சிருவேன்" என்றான்.

சாயங்காலம் ஒற்றை ஆளுக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று சுகந்தி டம்ளரில் கோடு போட்டுக் காட்டினாள். ஓட்டலில் நூறு பேருக்குச் செய்தவனுக்கு இது தெரியாதா என்றேன். "நூறு பேருக்குத் தெரியும்ப்பா. ஒருத்தருக்குத் தெரியாதுல்ல" என்றாள்.

ஆவணி 1, ஞாயிறு

பவுனு வந்தது. மடியில் ஒரு மஞ்சள் பை. வழக்கம்போலப் படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தது. சுகந்திதான் போன் போட்டு வரச் சொல்லியிருக்கிறாள். எனக்குத் தெரியாது.

"சித்தி, கொண்டாந்தியா?"

பவுனு என்னைப் பார்த்தது. "மாமா, நான் தரட்டுமா?"

"என்னத்த?" என்றேன். எனக்குத் தெரியும்.

பையிலிருந்து அந்தக் கல்யாணப் படத்தை எடுத்துக் கொடுத்தது. சட்டத்தோடு. இவ்வளவு காலம் அவர்கள் வீட்டு உள்ளறையில் கிடந்தது. சுகந்தி சின்னதில் பார்த்திருப்பாள், பின்வரிசையில் யார் நிற்கிறார்கள் என்று யாரும் விரல் வைத்துக் காட்டியதில்லை.

பவுனு விரல் வைத்துக் காட்டியது.

சுகந்தி படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். நானும் பின்னால் போனேன். மொத்தம் நாற்பது பேர் இருக்கும், எல்லோரும் போலீஸ்காரரைப் பார்த்த மாதிரி நிற்கிறார்கள். பவுனு அழுதுவிடுவதுபோல உட்கார்ந்திருக்கிறது. மாயழகுக்கு மீசை முறுக்கிக்கொண்டு நிற்கிறது. பின்வரிசையில் ராக்கம்மாள் மட்டும் வாயைத் திறந்து, பல் எல்லாம் தெரிய, கண் இரண்டும் மூடிப்போகிற அளவுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். தலை என் தோள் பக்கம் சாய்ந்திருக்கிறது.

சுகந்தி கண்ணாடித் தூசியை விரலால் துடைத்தாள்.

"சிரிக்குது" என்றாள் கடைசியில். "கண்ண மூடிருச்சுன்னு சித்தி சொல்லுச்சு. சிரிச்சதுல மூடிருக்கு."

"ஆமா."

"சுவத்துல இருக்கிறது யாரோட கண்ணு?"

பவுனு தலையைக் குனிந்துகொண்டது. "என்னுது. என்னையக் கேக்காமத்தான் எடுத்தாக. உங்க சித்தப்பன் கையக் காட்டிருக்காரு. அவருக்கு அப்ப என் கண்ணு பெரிசாத் தெரிஞ்சிருக்கு. இப்ப எதுர்ல நின்னாலும் தெரிய மாட்டேங்குது."

சுகந்தி அழுதுகொண்டே சிரித்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, "ஏம்ப்பா இப்படிச் சிரிக்குது? பக்கத்துல நீதான நிக்கிற?" என்று கேட்டாள்.

ஞாபகம் இல்லை என்று சொன்னேன்.

அந்தக் கல்யாணத்துக்கு நான்தான் ரசம் வைத்தேன். பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். பந்தலுக்குள் இடம் இல்லாமல், அண்டாவைப் போட்டோக்காரர் நின்ற இடத்துக்குப் பின்னால் இறக்கி வைத்திருந்தோம். ராக்கம்மாள் பச்சைக் கண்டாங்கி கட்டியிருந்தாள், காதில் என் ஆத்தாளின் தோடு. இதெல்லாம் ஞாபகம் இருக்கிறது.

ஆவணி 5, வியாழன்

பலூன் ஒரு எலுமிச்சம்பழம் அளவுக்கு வந்தது. சட்டை தைத்து வந்துவிட்டது, கழுத்து இறுக்கம்.

ஆவணி 9, திங்கள்

வீடு முழுக்க ஆட்கள். பந்தக்கால் நட்டாயிற்று.

சுகந்தி ஜெரால்டைக் கூப்பிட்டு, அம்மாவை மேடைப் படத்தில் சேர்க்கிற வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஏன் என்று அவன் கேட்டான். "சுவத்துல இருக்கிற அம்மாவ எனக்குத் தெரியாது. படத்துல இருக்கிற அம்மா அங்க வேற ஒரு கல்யாணத்துல நல்லா இருக்கு. இழுத்துட்டு வரவேணாம்" என்றாள்.

என் முகத்தைச் சரி பண்ணுகிற வேலையைப் பற்றி அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அது சம்பந்தி வீட்டுக்காக, பண்ணினால் பண்ணட்டும். பண்ணாவிட்டால் இந்த வாயோடு நிற்பேன். எப்படியும் அந்த ஆல்பம் கோயம்புத்தூரில்தான் இருக்கப்போகிறது. சுகந்தி அதைப் பிரித்துப் பார்க்கும்போது இரண்டு மருக்காரன் ஒருத்தன் நிற்பான். பவுனு கண்ணைப் பார்த்து அம்மா என்று வளர்ந்தவள், இதற்கும் பழகிக்கொள்வாள்.

கண்ணாடி முன்னால் இன்று பயிற்சி செய்யவில்லை. ஆட்கள் இருந்தார்கள்.

ஆவணி 11, புதன்

மண்டபத்துக்கு வந்துவிட்டோம். காபி சர்க்கரைத் தண்ணீர் மாதிரி இருக்கிறது. சமையல்காரரிடம் ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணி 13, வெள்ளி

நேற்று பேச நேரம் இல்லை. இன்று மத்தியானம் சுகந்தியைக் காரில் ஏற்றிவிட்டு வந்தேன். வீடு கூட்ட வேண்டியிருக்கிறது. அதற்கு முன்னால் பேசிவிடுகிறேன்.

முகூர்த்தம் காலையில். மாயழகும் பவுனும் மனையில் உட்கார்ந்து தாரை வார்த்தார்கள். நான் மேடை ஓரத்தில் வாழைமரத்துக்குப் பக்கத்தில் நின்றேன். அங்கிருந்து சுகந்தியின் முதுகும் பூச்சடையும் தெரிந்தது. தாலித் தட்டு வந்தது, தொட்டுக் கும்பிட்டேன். கெட்டிமேளம் கொட்டும்போது எல்லோரும் எழுந்துவிட்டதால் தாலி கட்டியதைப் பார்க்கவில்லை. சத்தம் கேட்டது.

அப்புறம் போட்டோ. ஒவ்வொரு குடும்பமாக மேடையேறி நின்றது. மாப்பிள்ளை வீட்டில் ஏகப்பட்ட பேர். நான் முறை வரட்டும் என்று கீழே நின்று தோளை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டேன். ஜெரால்டு மைக்கில், "பொண்ணோட அப்பா மேடைக்கு வாங்க" என்றான். எல்லோரும் திரும்பிப் பார்த்த மாதிரி இருந்தது. பார்க்காமலும் இருந்திருக்கலாம்.

ஜெரால்டு ஏறிவந்து என்னைப் பிடித்து நிறுத்தினான். நல்ல பக்கம் காமிராவுக்குத் தெரிகிற மாதிரி, மாப்பிள்ளைக்கு அந்தப் பக்கம். சுகந்தி பார்த்தாள். "அவரு என் அப்பா. என் பக்கம் நிக்கட்டும்" என்று சொல்லி என் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். இப்போது கோணல் பக்கம் முழுசாகக் காமிராவுக்கு. ஜெரால்டு என்னைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், "சரிக்கா" என்று இறங்கிப் போய்விட்டான்.

"அங்கிள், ரிலாக்ஸ். தோள இறக்குங்க."

இறக்கினேன்.

"கைய விடுங்க."

விட்டேன். அது மாவு உருட்டியது. நான்கு படம் எடுத்தான். நான்கிலும் நான் முழித்துக்கொண்டு நின்றது எனக்கே தெரிந்தது. சுகந்திக்கும் முகம் இறுகிப்போயிருந்தது. காலையிலிருந்து புகை, பசி, எல்லாம் சேர்ந்து அவளுக்கு எந்த நேரத்திலும் அழுகை வந்துவிடும் என்று எனக்குத் தெரிந்தது. அழுதால் எனக்கும் வந்துவிடும். என் இடது கண் மூடாது, அது ஒழுகினால் துடைக்கத்தான் வேண்டும், எல்லோரும் பார்ப்பார்கள்.

ஜெரால்டு மேடையலங்காரம் முழுவதும் விழ வேண்டும் என்று காமிராவைக் கண்ணில் வைத்தபடியே பின்னால் போனான். ஒரு எட்டு. இன்னொரு எட்டு. கீழே முதல் வரிசையில், அவனுக்கு நேர் பின்னால், சோபாவில் சம்பந்தியம்மா பட்டுப்புடவையைப் பரத்திக்கொண்டு உட்கார்ந்து பாதாம்பால் குடித்துக்கொண்டிருந்தார். அவன் பார்க்கவில்லை. அவரும் பார்க்கவில்லை.

நான் சுகந்தி பக்கம் லேசாகச் சாய்ந்து சொன்னேன். யோசித்துச் சொல்லவில்லை.

"இன்னும் ரெண்டு எட்டு பின்னால போனான்னா உன் மாமியா மடியில உக்காந்துருவான்."

சுகந்தி பார்த்தாள். ஜெரால்டு இன்னொரு எட்டு வைத்தான். அவ்வளவுதான், அவள் வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். தலை என் தோளில் இடித்தது, கை வந்து என் தோளைப் பிடித்தது, நெற்றிச்சுட்டி கழன்று காதுக்குப் போய்விட்டது. எனக்கும் அடக்க முடியவில்லை. வாய் எந்தப் பக்கம் போனது என்று தெரியாது. மாப்பிள்ளை பாவம், என்ன ஏது என்று தெரியாமல் எங்கள் இருவரையும் பார்த்துக்கொண்டு நின்றார். காமிரா அடித்துக்கொண்டே இருந்தது.

"அக்கா, கண்ண மூடிட்டீங்க. ஒன்ஸ்மோர்" என்று ஜெரால்டு கத்தினான்.

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டாள். "அம்மாகிட்டயும் இதத்தான் சொன்னியா?"

"அன்னைக்கு மாமியா இல்ல. ரச அண்டா" என்றேன்.

"விழுந்தாரா?"

"ஒரு காலு மட்டும்."

அதற்குப் பிறகு அவளை நேராக நிறுத்தி ஒரு படம்கூட எடுக்க முடியவில்லை. வரிசையில் நின்ற சனம் என்னவென்று கேட்டுக் கேட்டுச் சலித்தது. சம்பந்தியம்மாவிடம் யாரும் சொல்லவில்லை.

இன்று கார் கிளம்பும்போது அவள் அழுதாள். எல்லாப் பெண்ணும் அழுவதுதான். தலையை வெளியே நீட்டி, "டம்ளர்ல கோடு போட்டிருக்கேன், மறந்துறாத" என்றாள். சரி என்றேன்.

ஆவணி 22, ஞாயிறு

சோறு மிஞ்சுகிறது. கோட்டுக்குக் கீழே போட்டாலும் மிஞ்சுகிறது.

ஜெரால்டு ஆல்பத்துக்குப் படம் பொறுக்க லேப்டாப்போடு வந்தான். சுகந்தியையும் மாப்பிள்ளையையும் போனில் முகம் தெரிகிற மாதிரி கூப்பிட்டுத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தோம். மேடைப் படம் எல்லாவற்றையும் ஓட்டினான். கடைசியில் அந்தச் சிரித்த படத்தில் நிறுத்தினான்.

"இது ஆக்‌ஷன் நல்லா இருக்குக்கா. ஆனா உங்களுக்குக் கண்ணு மூடிருக்கு, அங்கிளுக்கு வாய் ஒரு பக்கமாப் போயிருக்கு. வேற படத்துலருந்து கண்ண எடுத்துப் போட்டு, அங்கிள் வாயையும் நேராக்கிட்டா சூப்பரா வந்துரும்."

"அதுல கைய வச்சீங்கன்னா ஆல்பமே வேணாம்" என்றாள் சுகந்தி போனுக்குள்ளிருந்து. "அப்படியே பெரிசாப் போடுங்க. முதல் பக்கத்துல."

"அம்மா என்ன சொல்லுவாங்களோ" என்றார் மாப்பிள்ளை.

"அவங்க பாதாம்பால் கதைய நானே சொல்லிக்கிறேன். கேட்டுச் சிரிக்கட்டும்."

நான் படத்தைக் கிட்டே போய்ப் பார்த்தேன். கோணல்தான். ஆனால் சிரித்த சிரிப்பில் என் இடது கண்ணும் முக்கால்வாசி மூடியிருக்கிறது. பானு மேடத்திடம் போனில் காட்ட வேண்டும் என்று அதை வாங்கி வைத்துக்கொண்டேன்.

ராக்கம்மாளின் பழைய கல்யாணப் படம் இப்போது எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. பவுனு வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டது. சுவரில் அந்த நாற்பது பேரும் நிற்கிறார்கள். வரைந்த படத்தைத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்திருக்கிறேன். அதுவும் இத்தனை வருடம் மாலை வாங்கிய படம், தூக்கிப் போட முடியாது. நேற்று பவுனு வந்து முதல் தடவையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்தது. "நான் ஏன் மாமா இப்படி மூஞ்சிய வச்சிருக்கேன்" என்று கேட்டது.

சுகந்தி போனை வைத்த பிறகு ஜெரால்டு பையைக் கட்டினான். நான் கேட்டேன்.

"தம்பி, அந்தச் சிரிச்ச படத்துல என்னைய மட்டும் தனியா வெட்டிப் பெரிசு பண்ண வருமா?"

"எதுக்கு அங்கிள்?"

"பின்னால வேணும்ல. அப்ப போயித் தேடிக்கிட்டு இருக்க முடியாது."

அவனுக்குப் புரிய ஒரு நிமிடம் ஆனது. புரிந்ததும் லேப்டாப்பைத் திரும்பவும் திறந்தான். என் முகத்தைச் சுற்றிக் கோடு போட்டு இழுத்துப் பார்த்தான்.

"வாய நேராக்கணுமா?"

"வேணாம்."

"எடுக்கலாம் அங்கிள். ஆனா அக்காவோட கை உங்க தோள்ல இருக்கு. விரல் நாலும் வந்துரும். அத அழிச்சிரட்டுமா?"

இருக்கட்டும் என்றேன்.